தாம்பத்திய மருந்து: கேட்டுச் சாப்பிடுங்கள்

சர்க்கரை வந்தால் டாக்டரிடம் சொல்கிறோம். பிரஷர் வந்தால் சொல்கிறோம். 'தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை, உடம்பு ஒத்துழைக்க மாட்டேங்குது' என்பதை மட்டும் பெண்கள் யாரிடமும் சொல்வதில்லை. கூச்சம்! விளம்பரத்தைப் பார்த்து ரகசியமாக ஒரு மாத்திரையோ லேகியமோ வரவழைத்துக் கொள்கிறார்கள். எங்கள் காரைக்குடிப் பக்கம் கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து ஒரு மாத லீவில் வரும்போது இந்த அவசரம் இன்னும் கூடும். "அவுக வர்றதுக்குள்ள ஏதாவது குடுங்க டாக்டர்" என்று கேட்பவர்கள் உண்டு.

மருந்து கேட்பதில் தப்பே இல்லை சகோதரி. காரணம் தெரியாமல் சாப்பிடுவதுதான் ஆபத்து.

முதலில் காரணம் என்ன?

ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு, ஓயாத வேலை, வீட்டில் மனஸ்தாபம் எதுவும் காரணமாகலாம். தாய்ப்பால் கொடுக்கும்போதும், மாதவிலக்கு நின்ற பிறகும் பெண்ணுறுப்பில் வறட்சி ஏற்பட்டு உறவின்போது வலிக்கும். வலிக்குப் பயந்தே நாட்டம் போய்விடும். இதற்குக் கிளர்ச்சி மருந்து எதற்கு? வழுவழுப்புத் தரும் ஜெல் போதும். போதாவிட்டால் மகளிர் மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருவார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆணுறை உபயோகிப்பவர்கள் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் கிழிந்துவிடும்.

மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகளும் நாட்டத்தைக் குறைக்கும். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

கணவரின் மாத்திரையில் பாதி?

வேண்டவே வேண்டாம். சில்டெனாஃபில் (வயாகரா) ஆண்களுக்கானது. ஃபைசர் கம்பெனி சுமார் 3,000 பெண்களிடம் சோதித்துப் பார்த்து, தெளிவான பலன் கிடைக்காமல் 2004-ல் முயற்சியைக் கைவிட்டது. தலைவலி, முகம் சிவத்தல், தலைசுற்றல் வரலாம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் சார்பிட்ரேட் வைப்பவர்கள் இதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெண்களின் நாட்டக் குறைவுக்கென்றே அமெரிக்காவில் 2015-ல் ஃப்ளிபான்செரின் மாத்திரையையும், 2019-ல் பிரெமெலனோடைட் ஊசியையும் அனுமதித்தார்கள். இரண்டுக்கும் பலன் சுமார்தான். மாத்திரையை மதுவோடு சேர்த்தால் மயக்கம் வரும். வெள்ளைப்படுதலுக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோலும் அதோடு சேரவே கூடாது. ஊசியோ குமட்டலைத் தரும். கட்டுப்படாத பிரஷரும் இதய நோயும் உள்ளவர்களுக்கு ஆகாது. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

'நாட்டு மருந்துதானே!'

சித்த மருத்துவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். "பக்கத்து வீட்டு ஆச்சிக்கு நல்லா கேட்டுச்சாம்" என்று வாங்கிச் சாப்பிடக் கூடாது. அமுக்கரா நல்ல மருந்து. ஆனால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது; தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்காமல் சேர்க்கக் கூடாது. சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் வந்திருக்கிறது. சாதிக்காய் அளவு கூடினால் மயக்கம், மனக்குழப்பம். லேகியத்தில் வெல்லமோ சர்க்கரையோ இருக்கும். சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டும்.

'ஒரே வேளையில் வேலை செய்யும்' என்கிற லேகியத்தைச் சந்தேகப்படுங்கள். மூலிகை என்ற பெயரில் சில்டெனாஃபிலைக் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. உறவுச் சுகத்தைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது.

கவனத்தில் வையுங்கள்

* லேபிளில் லைசென்ஸ் நம்பர், சேர்மானம், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

* சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அலோபதி டாக்டரிடம் சித்த மருந்தையும், எங்களிடம் அலோபதி மருந்தையும் மறைக்காதீர்கள்.

* ரத்தப்போக்கு, தீராத வலி, கட்டி இருந்தால் மகளிர் மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும்.

* மருந்து ஆரம்பித்த பின் கண் மஞ்சளானாலோ, தலைசுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவும் உண்டு, மகளிர் பிரிவும் உண்டு. முடிந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பல மாதம் பிரிந்திருந்து வந்தவருக்கும் உங்களுக்கும் பழக நாலைந்து நாள் ஆகும். அதற்கு மாத்திரை தேவையில்லை.