“சுத்தம் செய்தாயிற்று” என்று ஒட்டினால் போதுமா?

கேள்வி: கொலன்னாவையில் கால்வாய்க்குக் கிட்டிய ஒழுங்கை ஒன்றில் குடியிருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு முன், பெருமழை நாளில், பக்கத்துக் களஞ்சியம் ஒன்றிலிருந்து டீசல் கசிந்து கானுக்குள்ளும் எங்கள் வளவுக்குள்ளும் வந்தது. ஆட்கள் வந்து மரத்தூள் போட்டு அள்ளினார்கள். பிறகு சிங்களத்தில் மட்டும் ஒரு நோட்டீஸ்: சுத்திகரிப்பு முடிந்தது, பயப்படத் தேவையில்லையாம். குழாய்த் தண்ணீர் இருந்தாலும் உடுப்புத் துவைக்கவும் பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் கிணற்றைத்தான் பாவிக்கிறோம். மழை பெய்தால் இன்னும் மணக்கிறது. ஒருவர் கிணறு நல்லது என்கிறார், இன்னொருவர் தொடவே வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது?
— வாசகி, கொலன்னாவை

பதில்: 

இப்போதைக்கு உங்கள் மூக்கை நம்புங்கள். அந்தக் கிணற்றைக் குளிக்கவும் துவைக்கவும்கூடப் பாவிக்க வேண்டாம். மணம் போனாலும், பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை திரும்பவும் தொடங்காதீர்கள். கொதிக்க வைத்தால் சரி என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். கொதிக்க வைப்பது கிருமிக்குத்தான் மருந்து. டீசலில் இலகுவில் ஆவியாகும் பகுதி குசினிக்குள் பரவும், பாரமான பகுதி பானையிலேயே நிற்கும். சவர்க்காரத் தூள் கொட்டிக் கிணற்றைக் கழுவுவதும் கூடாது. மேலே மிதக்கிற எண்ணெய் பொடிப்பொடியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிட்டால், பிறகு அதை அள்ளி எடுக்க வழியில்லை.

மழைக்கு ஏன் மணக்கிறது என்பதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான சங்கதி. டீசல் தண்ணீரை விடப் பாரம் குறைந்தது. மண்ணுக்குள் இறங்கினால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். வெயில் காலத்தில் நீர்மட்டம் இறங்க, எண்ணெயும் கூட இறங்கி மண்ணிடுக்குகளில் ஒட்டிக்கொள்ளும். மழையில் நீர்மட்டம் ஏற, அதில் ஒரு பங்கு மேலே வரும். உங்கள் பகுதி சதுப்பை அண்டிய தாழ்நிலம், களனி ஆறு பெருகினால் வெள்ளம் வருகிற இடம். அங்கே மேல்மண்ணில் மரத்தூள் தூவி அள்ளுவது முதல் நாள் வேலை மட்டுமே. நனைந்த மண்ணை வெட்டி அகற்றினார்களா, எவ்வளவு ஆழத்துக்கு, அந்த மண்ணை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள் என்று தெரியாமல் சுத்திகரிப்பு முடிந்தது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சதுப்புத் தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தால், பக்டீரியாவாலும் வானவில் நிறத்தில் ஒரு படலம் வரும். ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். உடைந்த கண்ணாடி போலத் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால், பெரும்பாலும் அது பக்டீரியா. சுழன்று வந்து மறுபடி ஒன்றாகச் சேர்ந்தால் எண்ணெய். இது முதற்கட்ட அடையாளம்தான், ஆய்வுகூட முடிவுக்கு ஈடாகாது.

யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே மின்நிலையத்தைச் சுற்றியிருந்த வீடுகளில், கிணற்றில் வாளியை விட்டால் எண்ணெய் ஒட்டிக்கொண்டு வந்தது. நீர் வழங்கல் சபையின் பரிசோதனைகள் பல கிணறுகளில் எண்ணெய் இருப்பதாகக் காட்டின. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ பயப்படும்படி எதுவும் இல்லை என்ற பக்கம் சாய்ந்தது. இரண்டுக்கும் நடுவில் சனங்கள் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றார்கள். எந்தக் கிணறு, எந்தத் திகதி, என்ன அளவு என்று வீடு வீடாக எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். கடைசியில் உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரல் 4 அன்று, மாசுபடுத்தியவரே செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கைப்படி, அங்கே மின் உற்பத்தி செய்த நோர்தேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானது. வழக்குத் தொடுத்தது 2015இல். நான்கு வருடம்.

முதலில் வருகிற அறிவிப்பு எப்போதும் ஆறுதலாகவே இருக்கும். 2017 ஜனவரியில் சென்னை எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும், எண்ணெய் மாசு இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு கரையிலிருந்து நூறு தொன்னுக்கும் மேல் எண்ணெய்க் கழிவை, வாளிகளாலும் கைகளாலும், அள்ளினார்கள்.

ஆகவே ஆளை நம்புவதை விட்டுவிட்டுக் கடதாசியைக் கேளுங்கள். மாதிரியை யார் எடுத்தார், எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஆய்வுகூடம் பார்த்தது, எண்ணெயும் பென்சீனும் எவ்வளவு, அடுத்த பரிசோதனை எப்போது? இவை இல்லாத நோட்டீஸ் வெறும் ஆறுதல் வார்த்தை. பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்; குடிதண்ணீரில் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

கேட்பதற்கு உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் தகவல் அலுவலருக்கு, ஒழுங்கையிலுள்ள நாலைந்து குடும்பங்களாவது தனித்தனியாக எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். பரிசோதனை அறிக்கையின் பிரதியையும், அந்தக் களஞ்சியத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருந்தால் அதன் நிபந்தனைகளையும் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவலானால் 48 மணித்தியாலத்துக்குள். பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் குளிக்கிறார்கள் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கடிதம் கிடைத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வர வேண்டாம்.

சிங்களத்தில் மட்டும் ஒட்டிய நோட்டீஸை விட்டுவிடாதீர்கள். தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற ஒழுங்கையில் ஆபத்தைத் தமிழில் சொல்லாதது பெரிய குற்றம் என்றே நான் நினைக்கிறேன். அரச அலுவலகத்தோடு தமிழில் கருமமாற்ற அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

கிணற்றைப் பரிசோதிக்க, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு அவர் முன்னிலையில் மாதிரி எடுங்கள். பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம், எண்ணெய் அதில் ஒட்டும். கழுவிக் காய்ந்த கண்ணாடிப் போத்தலை, காற்றுக்கு இடமில்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுக்க வேண்டும். கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் கட்டணத்துக்குப் பார்த்துத் தரும். மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என இரண்டு தடவை செய்யுங்கள். வெயில் நாளில் மட்டும் எடுத்த மாதிரி உங்களை ஏமாற்றிவிடும்.

குழாய்த் தண்ணீரையும் கவனியுங்கள். எண்ணெய் ஊறிய மண்ணுக்குள்ளால் பிளாஸ்டிக் குழாய் போனால், பெற்றோல், டீசலின் சில கூறுகள் குழாய்ச் சுவரையே ஊடுருவி உள்ளே வரும். காலையில் முதல் திறக்கும் தண்ணீர் மணந்தால் 1939க்கு அழைத்து நீர் வழங்கல் சபைக்குச் சொல்லுங்கள். 2015 ஆகஸ்டில் களனி ஆற்றில் டீசல் கலந்தபோது அம்பத்தலை நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கொழும்புக்கு வரும் தண்ணீரே தடைப்பட்டது. அந்தக் கசிவு வந்த கொக்கா கோலா தொழிற்சாலையின் சுற்றாடல் அனுமதியை அப்போது இடைநிறுத்தினார்கள். ஆகவே முறைப்பாட்டுக்குப் பலன் இல்லை என்று சோர்ந்து போகாதீர்கள்.

பிள்ளைகளுக்குத் தோல் அரிப்போ தலையிடியோ இருந்தால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கூட்டிப்போய்க் காட்டி, டீசல் கலந்த தண்ணீரில் குளித்தது என்பதைத் துண்டில் எழுதச் சொல்லுங்கள்.