மழைக்குப் பின் கோல்ப் மைதானம்



ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊர் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாகக் கோல்ப் ஆடப்பட்டுவரும் ஊர் அது. அங்குள்ள பழைய மைதானத்தின் நிலம் கடற்காற்று குவித்த மணலால் ஆனது. ஆகவே பெருமழை பெய்து ஓய்ந்தாலும் நீர் விரைவில் வடிந்துவிடும். உள்நாட்டில் களிமண் நிலத்தில் அமைந்த மைதானங்களிலோ குட்டை குட்டையாக நீர் தேங்கும். ஏன் இந்த வேறுபாடு?

மண்துகள்களுக்கு இடையேயுள்ள இடுக்குகளை நுண்ணிய குழாய்களாகக் கருதுவோம். ஒரு குழாயின் ஆரத்தைப் பாதியாகக் குறைத்தால், அதில் பாயும் நீர் பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பது பாய்ஸல் விதி. அதே பரப்பில் இத்தகைய சிறு குழாய்கள் நான்கு மடங்கு அடங்கும். ஆயினும் மொத்தப் பாய்வு நான்கில் ஒரு பங்குதான்! மணல் துகளின் விட்டம் 0.05 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை இருக்கும். களிமண் துகளோ 0.002 மி.மீட்டரிலும் சிறியது. களிமண்ணில் நீர் இறங்கத் தயங்குவது ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

கோல்ப் மைதானத்தில் குழியைச் சுற்றிப் புல்லை மிகக் குட்டையாக வெட்டியிருப்பார்கள். இப்பகுதிக்குக் 'கிரீன்' என்று பெயர். இது 500 சதுர மீட்டர் பரப்புடையது என்று கொள்வோம். 5 செ.மீ. மழை பெய்தால் இதன்மேல் மட்டும் 25,000 லிட்டர் நீர் விழும். அது தேங்கினால் பந்து உருளாது. அதைவிடப் பெரிய கேடு, இடுக்குகளிலுள்ள காற்றை நீர் வெளியேற்றிவிடுவதால் புல்லின் வேர்கள் மூச்சுத் திணறி அழுகுவதாகும்.

இதைத் தவிர்க்க அமெரிக்க கோல்ப் சங்கம் 1960-இல் ஒரு கட்டுமான முறையை வெளியிட்டது. அதன்படி அடியில் வடிகுழாய்கள், அவற்றின்மேல் சுமார் 10 செ.மீ. சரளை, அதற்கும் மேல் சுமார் 30 செ.மீ. மணற்கலவை அமையும்.

இங்கே ஒரு கேள்வி. சரளை பெரிய இடுக்குகள் உடையது. ஆகவே அது மணலிலுள்ள நீரையெல்லாம் கீழே இழுத்துவிடும் அல்லவா? 'ஆம்' என்றே பலரும் விடை கூறுவர். அது தவறு!

ஒரு சோதனை செய்து பாருங்கள். செவ்வக வடிவ ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் நன்றாக நனைத்து, கிடைமட்டமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றபின், பிழியாமல் மெதுவாகத் திருப்பிச் செங்குத்தாக நிறுத்திப் பிடியுங்கள். மீண்டும் நீர் சொட்டும்! ஸ்பாஞ்சும் மாறவில்லை, அதன் துளைகளும் மாறவில்லை. மாறியது உயரம் ஒன்றே.

பரப்பு இழுவிசை, இடுக்குகளில் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை நீரைத் தாங்கி நிற்கும். அதாவது நுண்புழை ஏற்றத்தின் அளவுக்கு அடிப்பகுதியில் நீர் தங்கிவிடும். இடுக்கின் ஆரம் 0.1 மி.மீ. என்றால் அவ்வுயரம் சுமார் 15 செ.மீ.; 1 மி.மீ. என்றால் 1.5 செ.மீ. மட்டுமே. மணலின் சிற்றிடுக்குகளில் பிடிபட்ட நீர், சரளையின் பேரிடுக்குகளுக்குத் தானாக இறங்காது. மேலிருந்து புதுநீர் வந்து அழுத்தும்போதுதான் சரளைக்குள் சொட்டும். அந்த நீரை விரைவாகக் குழாய்களுக்குக் கொண்டு சேர்ப்பதே சரளையின் வேலை.

மணலின் இடுக்குகள் 0.1 மி.மீ. ஆரம் உடையவை என்று கொள்வோம். 30 செ.மீ. அடுக்கில் கீழ்ப்பாதி ஈரமாகவும் மேல்பாதி காற்றோட்டத்துடனும் இருக்கும். வேர்கள் மேலே மூச்சுவிடும். மழையில்லா நாட்களில் கீழேயுள்ள சேமிப்பு உதவும். செலவைக் குறைக்க எண்ணி மணலை 10 செ.மீ. மட்டும் பரப்பினால் என்ன ஆகும்? அடியில் எவ்வளவு சரளை கொட்டியிருந்தாலும் மணல் முழுவதும் சேறாகவே கிடக்கும்!

பூந்தொட்டியின் அடியில் நீர் வடிவதற்காக ஓட்டுச் சில்லுகளை நிறையப் போடுபவர்கள் உண்டு. அதனால் ஈரப்பகுதி குறைகிறதா, அல்லது மேலே ஏறி வேரை நெருங்குகிறதா? ஸ்பாஞ்சுச் சோதனையை நினைவிற் கொண்டு நீங்களே விடை காணுங்கள்.