முதலாளிக்கும் பேச ஆள் வேண்டும்

சம்பளத் தேதி நெருங்குகிறது. பார்ட்டியிடமிருந்து பணம் வந்தபாடில்லை. தொழிலாளர்களிடம் சொன்னால் வேறு வேலை தேடுவார்கள், வீட்டில் சொன்னால் எல்லோருக்கும் தூக்கம் போய்விடும் என்று சின்ன யூனிட் நடத்துகிறவர் எல்லாவற்றையும் மனசுக்குள் பூட்டிக்கொள்கிறார். அதுதான் ஆளை அரிக்கிறது.

உங்களைப் போலவே சம்பளம் போடுகிற இன்னொருவரைத் தேடிப் பிடியுங்கள். கோவையில் 1969 முதல் இயங்கும் கொடிசியா போல உங்கள் ஊரிலும் தொழில் சங்கம் இருக்கும். கூட்டத்தைவிட, அது முடிந்து டீ குடிக்கிற நேரம்தான் முக்கியம். "உங்களுக்கும் பேமென்ட் இழுக்குதாண்ணே?" என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். அவர் உங்களுக்குப் போட்டியில்லாத தொழில்காரர் என்றால் வரவு செலவையே மனம்விட்டுப் பேசலாம்.

வீட்டில் தொகையைச் சொல்லாவிட்டாலும், "இந்த மாசம் கொஞ்சம் டைட்" என்றாவது சொல்லிவிடுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டை கேபினுக்குள் தனியாகச் சாப்பிடாதீர்கள்.

வராத பணத்துக்கும் ஒரு வழி உண்டு: உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாள் தாண்டியும் பணம் வராவிட்டால் மத்திய அரசின் இணையதளத்தில் புகார் செய்யலாம். உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

தூக்கமின்மையும் வெறுமையும் வாரக்கணக்கில் நீண்டால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.