இரண்டாம் முறை மாணவியானவர்

நம் வடாலாவிலும் மாதுங்காவிலும் வாழும் தமிழ் மாணவரிடையே ஓர் ஐயம் அடிக்கடி எழுகிறது. ‘புதிய மொழியையும் புதிய கலையையும் கற்றால் நம்முடையது மங்கிவிடாதா?’ என்பதே அது. இவ்வையத்திற்கு விடை தரும் வாழ்க்கை ஒன்று உண்டு. அது வாணி ஜெயராமின் வாழ்க்கை.

1945ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வேலூரில் பிறந்தவர் அவர், இயற்பெயர் கலைவாணி. இளமையிலேயே கர்நாடக இசையை முறையாகக் கற்றார். சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்று, ஸ்டேட் வங்கியில் பணியில் அமர்ந்தார். திருமணத்திற்குப் பின் பம்பாய்க்கு வந்தார். நல்ல வேலை, நிறைந்த பயிற்சி. ‘கற்றது போதும்’ என்று அவர் அமைந்திருக்கலாம். ஆனால் உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி இசைக்கு மாணவியானார். அதற்காக வங்கி வேலையையும் துறந்தார்.

அப்பயிற்சியின் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 1971இல் வெளிவந்த ‘குட்டி’ என்னும் இந்திப் படத்தில், வசந்த தேசாயின் இசையில், ‘போலே ரே பபீஹரா’ என்ற பாடலை அவர் பாடினார். அதன் இராகம் மியான் கி மல்ஹார், மழைக்கால இராகம். நாம் கைசிகி, காகலி என்று கூறும் இரண்டு நிஷாதங்களும் இதில் வருகின்றன. முதலாவதைத் தொட்டு, தைவதத்திற்கு இறங்கி, உடனே இரண்டாவதற்கு ஏறி, மேல் ஷட்ஜத்தை அடைய வேண்டும். இவ்விரு நிஷாதங்களின் அதிர்வெண் வேறுபாடு ஏறக்குறைய நூற்றுக்கு 6 பங்கே. சிறிது பிறழ்ந்தாலும் இராகத்தின் உருவம் சிதையும். கர்நாடகப் பயிற்சி அவருக்குச் சுருதித் தூய்மையைத் தந்தது. எந்த ஸ்வரத்தை எவ்வாறு அசைப்பது என்னும் புது மரபையோ அவர் அடியிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

அதே படத்தில் அவர் பாடிய ‘ஹம்கோ மன் கீ சக்தி தேனா’ பள்ளிகளில் இறைவணக்கப் பாடலாயிற்று. மராத்தியில் குமார் கந்தர்வருடன் அவர் இணைந்து பாடிய பாடலும் மக்கள் உள்ளத்தில் இடம் பெற்றது.

அவ்வாறாயின் தமிழ் மங்கியதா? இல்லை! 1974இல் ‘தீர்க்க சுமங்கலி’ படத்தில் அவர் பாடிய மல்லிகைப் பாடலைத் தமிழ்நாடு கொண்டாடியது. ‘அபூர்வ ராகங்கள்’, ‘சங்கராபரணம்’, ‘சுவாதி கிரணம்’ ஆகிய படங்களுக்காக மும்முறை தேசிய விருது பெற்றார். முதலாவது தமிழ், மற்றவை இரண்டும் தெலுங்கு. இந்தியில் ‘மீரா’ படப் பாடலுக்காக ஃபிலிம்ஃபேர் விருதும் அவரை அடைந்தது. 2023 ஜனவரியில் பத்ம பூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் 4ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

நண்பர்களே, பம்பாயில் அவர் இழந்தது வங்கி நாற்காலி ஒன்றே. முன் கற்ற இசை பின் கற்ற இசைக்கு அடித்தளமாயிற்று; பின் கற்றது முன்னதற்கு அகலம் தந்தது. மராத்தியும் இந்தியும் நம் செவியில் நாளும் விழும் இந்நகரில், நாமும் அஞ்சாது கற்போம். தமிழை விடாது பேணுவோம்.