டாக்ஸோபிளாஸ்மா பாசிட்டிவ் என்றால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: டாக்டர், எனக்குப் பத்து வாரக் கர்ப்பம். போன வருடம் ஒரு கரு கலைந்ததால் இந்த முறை டார்ச் டெஸ்ட் எடுத்தார்கள். டாக்ஸோபிளாஸ்மா ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். வீட்டில் பூனை வளர்க்கிறோம். போன கருவும் அதனால்தான் போயிற்று என்று மாமியார் சொல்கிறார். கர்ப்பிணிகளில் எத்தனை பேருக்கு இந்தத் தொற்று இருக்கும்? என் குழந்தைக்கு ஆபத்தா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ஐஜிஜி, ஐஜிஎம் என்ற இரண்டு எதிர்ப்பொருள்களில் ஐஜிஜி இருந்து ஐஜிஎம் இல்லையென்றால், கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்து அடங்கிவிட்டது என்று பொருள். நோய் எதிர்ப்புச் சக்தி பெரிதும் குன்றியவர்களைத் தவிர, மற்றவர்களிடம் இப்படிப்பட்ட பழைய தொற்று குழந்தைக்குப் போவது மிக அரிது.

2014இல் வெளியான ஓர் ஆய்வின்படி, குழந்தை பெறும் வயதிலுள்ள இந்தியப் பெண்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு ஐஜிஜி இருந்தது. தென்னிந்தியாவில் 37 சதவீதம். ஐஜிஎம் இருந்தவர்களோ 1.5 சதவீதத்துக்கும் குறைவு. நாங்கள் கவலைப்படுவது இந்தச் சிறிய எண்ணைப் பற்றித்தான். கர்ப்பத்தின்போது முதன்முறையாகத் தொற்றினால்தான் குழந்தைக்கு ஆபத்து. தொடக்க மாதங்களில் அது கருவை எட்டுவது குறைவு, எட்டினால் பாதிப்பு கடுமை. கடைசி மாதங்களில் எளிதாக எட்டும், பாதிப்பு குறைவாக இருக்கும்.

பிரான்சில் 1960களில் கர்ப்பிணிகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பழைய தொற்று இருந்தது. 2016இல் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அதாவது, முதல் தொற்றுக்கு ஆளாகக்கூடிய பெண்கள்தான் பெருகினார்கள். ஐஜிஜி நெகட்டிவ் ஆனவர்களுக்கு மாதாமாதம் சோதனை என்ற ஏற்பாடு அங்கே 1992இல் வந்தது.

போன கரு கலைந்ததற்கு இந்த ஐஜிஜி சாட்சி ஆகாது. தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பூனையை அனுப்பவும் வேண்டாம். முதன்முறை தொற்றிய பூனைதான், அதுவும் ஓரிரு வாரங்கள், மலத்தில் கிருமியை வெளியேற்றும். அது தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும். தினமும் வேறு யாராவது சுத்தம் செய்தால் போதும். ஐரோப்பியக் கர்ப்பிணிகளிடம் பூனையைவிட அரைவேக்காட்டு இறைச்சிதான் பெரிய காரணமாகத் தெரிந்தது. கறியை நன்றாக வேகவையுங்கள். கீரையையும் காயையும் மண் போகக் கழுவுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த கர்ப்பிணி யாருக்காவது ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தால், அதை மட்டும் வைத்துக் கருவைக் கலைக்க ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐஜிஎம் சிலரிடம் ஒரு வருடத்துக்கு மேலும் தங்கும். ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று பார்க்கும் ‘அவிடிட்டி’ சோதனை கேட்கச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதங்களுக்குள் எடுத்து அது உயர்வாக வந்தால், தொற்று கர்ப்பத்துக்கு முந்தியது.