போகும்போது நொடி, வரும்போது நாள்: ஏன்?



செர்டாங்கில் நம்ம பையன்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விதான் இந்த மாதப் பாடம். "அண்ணே, ஆன்லைன் சூதாட்டத்துல ஜெயிச்ச காசு டெபிட் கார்டுக்கு வர எத்தனை நாள் ஆகும்?" 'ஆடாதே' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் கேட்டவன் வேறு யாரிடமாவது போய்க் கேட்பான். அதனால் பதிலை முழுசாகவே சொல்கிறேன். நான் பொறியியல் மாணவன். ஒரு இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால், அது யாருக்காக ஓடுகிறது என்பதும் புரிந்துவிடும்.

1. காசு போகும் வழி

கார்டு எண்ணைத் தட்டியதும், தளத்தின் வங்கி வழியாக விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனத்துக்குச் செய்தி போகிறது. அங்கிருந்து உங்கள் வங்கிக்கு வருகிறது. "கணக்கில் காசு இருக்கா?" "இருக்கு." இந்தக் கேள்வி பதிலுக்குச் சில நொடிதான் ஆகும். உடனே உங்கள் காசு ஒதுக்கி வைக்கப்படுகிறது. வங்கிக்கு வங்கி காசு உண்மையில் கைமாறுவது அதற்குப் பிறகுதான். ஆனால் தளம் அதற்காகக் காத்திருப்பதில்லை. அப்போதே ஆட விட்டுவிடும்.

2. காசு திரும்பும் வழி

இதில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் தளம் 'சரி, கொடுக்கலாம்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு வங்கிகள் காசை நகர்த்த வேண்டும். உரிமம் வாங்கி நடத்தும் நாடுகளில் இரண்டாம் கட்டம் சில நிமிடத்திலும் முடியலாம், சில வேலை நாளும் ஆகலாம். அது கார்டையும் வங்கியையும் பொறுத்தது. நம்ம கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை; வெளிநாட்டு வங்கிக்குச் சனி, ஞாயிறு. வியாழன் இரவு கேட்ட காசு திங்கள் வரை நகராமல் இருந்தால் அதில் அதிசயம் இல்லை.

ஆனால் இழுத்தடிப்பு பெரும்பாலும் முதல் கட்டத்தில்தான். அதுதான் இன்றைய பாடத்தின் மையம்.

3. காக்க வைப்பது எதற்கு?

காசு 'பரிசீலனையில்' இருக்கும்போது பக்கத்திலேயே ஒரு பொத்தான் இருக்கும்: ரத்து செய்து மறுபடி ஆடலாம். இரவு இரண்டு மணி, தூக்கம் வரவில்லை, கையில் போன். எத்தனை பேர் அதைத் தொடாமல் இருப்பார்கள்? பிரிட்டனில் சூதாட்டத்துக்குச் சட்டப்படி அனுமதி உண்டு. அங்கேயே சூதாட்ட ஆணையம் 2021-இல் இந்தப் பொத்தானை நிரந்தரமாகத் தடை செய்தது. அதற்கு முன், ஜெயித்தவன் காசு கேட்கும்போதுதான் அடையாள அட்டை கேட்டு இழுப்பார்கள். 2019 மே முதல், ஆடுவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும் என்று அங்கே விதி வந்தது. தாமதம் வங்கியால் மட்டும் வருவதாக இருந்தால் இப்படி விதி போடத் தேவை இருந்திருக்காது.

4. 'டர்ன்ஓவர்' கணக்கு

நீங்கள் 50 ரிங்கிட் போடுகிறீர்கள், தளம் 50 போனஸ் தருகிறது. நிபந்தனை: 20 மடங்கு ஆடிய பிறகே காசை எடுக்கலாம். 100 × 20 = 2,000 ரிங்கிட் பந்தயம். ஒவ்வொரு 100 ரிங்கிட்டிலும் சராசரியாக 4 ரிங்கிட் தளத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000-க்கு 80 போய்விடும். 'எடுக்கலாம்' என்ற நிலைக்கு வரும்போது சராசரியாகக் கையில் 20 மிஞ்சும். போட்டதோ 50.

5. நம்ம நாட்டில்

இங்கே 1953-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டங்கள் இன்றும் நடப்பில் உள்ளன. இணையக் கசினோவுக்கு உரிமம் கிடையாது. சூதாட்டத்துக்குக் கார்டு நிறுவனங்கள் 7995 என்ற குறியீட்டு எண் வைத்திருக்கின்றன. அதை வைத்து வங்கி தடுக்க முடியும். அதனால் பல தளங்கள் கார்டை விட்டுவிட்டு, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்குக் காசு அனுப்பச் சொல்கின்றன. இப்படிக் கணக்கை வாடகைக்கு விடுபவர்களில் நம்ம பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2024-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, அதைத் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. அவன் அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். முதல் தடவை 30 ரிங்கிட் ஜெயித்தான். பத்தே நிமிடத்தில் காசு வந்தது. பிறகு திரையில் 1,800 என்று காட்டியது. எடுக்கப் போனால், "முதலில் 200 கட்டணம் கட்டு" என்றார்கள். அம்மா மளிகைக்கு வைத்திருந்த காசை வாங்கிக் கட்டினான். "இன்னும் 300" என்றார்கள். அந்த 1,800 வரவே இல்லை. உரிமம் இல்லாத இடத்தில் 'எத்தனை நாள்' என்ற கேள்விக்கே அர்த்தம் கிடையாது. எந்த ஆணையத்திடம் போய் முறையிடுவது?

அந்த முதல் 30 வெள்ளியைக் கவனியுங்கள். திருக்குறளின் 94-ஆம் அதிகாரம் சூது. அதன் முதல் குறளில் வள்ளுவர், சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிடுகிறார். சீக்கிரம் வந்த சின்னக் காசுதான் இரை. வராமல் இழுக்கும் பெரிய காசுதான் முள்.

6. செய்ய வேண்டியது

காசை எடுக்கக் காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஏமாந்து அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 997-க்குக் கூப்பிடுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நண்பன் மாட்டிக்கொண்டால் கிண்டல் வேண்டாம். தனியாக விட்டால் இழந்ததைப் பிடிக்க மறுபடி போவான்.

கலந்துரையாட:

அ. மேலே உள்ள கணக்கில் நிபந்தனை 30 மடங்கு என்றால் என்ன ஆகும்?

ஆ. பாண்டவர்கள் முதல் தடவை எல்லாவற்றையும் இழந்து, அது திரும்பக் கிடைத்த பிறகும் தருமர் இரண்டாம் ஆட்டத்துக்கு ஏன் போனார்?

இ. "உன் பேங்க் கார்டைக் கொடு, மாசம் 300 தர்றேன்" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?