குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்

நாய் சோர்ந்து கிடக்கிறது, சாப்பிடவில்லை, மூச்சு வாங்குகிறது. “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டா தெம்பாயிரும்” என்கிறார் ஒருவர். சொல்வது யாராக இருந்தாலும், முதலில் அதன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒரு முழு நிமிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்காமலே ஊசியைக் கையில் எடுத்தால் நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மரியாதைக் குறைவாக நினைப்பார்களே என்று தயங்கவே வேண்டாம். எங்கள் துரை போனதிலிருந்து தென்காசியிலும் செங்கோட்டையிலும் நாய் வளர்க்கிற எல்லோரிடமும் நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

துரை டாபர்மேன். ஆறு வயது நிறையவில்லை. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற பக்கம் நாங்கள் சீசனுக்கு அறைகள் வாடகைக்கு விடுகிறோம். காவலுக்கென்று வாங்கிய குட்டி. ஆனால் வந்து தங்குகிறவர்களின் பிள்ளைகளுக்கு அடுத்த சீசன் வரை நினைவில் நின்றது அவன்தான்.

இங்கே ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று சாரலைத் தள்ளிக்கொண்டே வரும். துணி காயாது, சுவர் வியர்க்கும். அந்த மாதங்களில் மனுசர் இருமினாலும் மாடு செருமினாலும் எங்கள் ஊரில் காரணம் ஒன்றுதான்: சாரல். துரை இருமத் தொடங்கியதும் அப்படிப்பட்ட ஒரு சீசனில்தான். அம்மா கற்பூரவல்லிச் சாறு கொடுத்தாள். மருத்துவர் சளி ஊசி போட்டார், இருமல் மருந்து எழுதினார். பக்கத்து விடுதிக்காரர், “சாரல் நின்னா அதுவும் நின்னுரும் தாயி” என்றார். சாரல் நின்று வெயில் அடித்த நாட்களிலும் அவன் இருமினான் என்பதை நான் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை.

இந்த இருமலுக்கு ஒரு தன்மை உண்டு. பகலில் ஓடி ஆடும்போது அவ்வளவாகத் தெரியாது. இரவில் படுத்துக் கொஞ்ச நேரம் கழித்தும், விடியற்காலையிலும்தான் வரும். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் கக்கிக் கக்கி, கடைசியில் கொஞ்சம் வெள்ளை நுரையைத் துப்பும். தொற்றினால் வரும் கென்னல் காஃப் எனும் இருமலும் பார்ப்பதற்கு ஏறக்குறைய இப்படியேதான் இருக்கும், மறுக்கவில்லை. அதனால்தான் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது என்கிறேன். ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் அவன் இதயம் பெருத்திருந்தது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இன்னொரு அறிகுறியையும் இந்த ஊர் மறைத்தது. ஒரு நாள் காலையில் பின்பக்கப் படிக்கட்டில் துரை பொத்தென்று விழுந்தான். சில நொடிகளில் எழுந்து எதுவும் நடக்காததுபோல் நடந்துவிட்டான். படியெல்லாம் பாசி. வழுக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். வழுக்குகிற நாய் காலை ஊன்றிச் சமாளிக்கப் பார்க்கும். துரை துணிமூட்டை மாதிரி சரிந்தான். அது மயக்கம். இதயத் துடிப்பு தாறுமாறாகி மூளைக்கு ரத்தம் போகாத சில நொடிகள். உங்கள் நாய் இப்படி விழுந்து உடனே எழுந்தால், எழுந்துவிட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள். அன்றைக்கே ஈசிஜி எடுங்கள்.

இனி அந்த இரவு. துரை தட்டைத் தொடவில்லை. படுக்கவும் மாட்டேனென்கிறான். முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை முன்னால் நீட்டி நின்றபடியே மூச்சை இழுக்கிறான். சீசன் நெரிசலில் வண்டி கிடைத்து, நாங்கள் வழக்கமாகப் போகும் தனியார் மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் ஈறைத் திறந்து பார்க்கவில்லை, நெஞ்சில் கை வைக்கவில்லை. சாப்பிடவில்லை என்று நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, “உடம்புல தண்ணி இல்லம்மா” என்று பாட்டிலை மாட்டினார். அரை லிட்டர். சீக்கிரம் இறங்கட்டும் என்று வேகத்தையும் கூட்டிவிட்டார்கள்.

அவன் உடம்பில் தண்ணீர் குறைவாக இல்லை. இருக்கக்கூடாத இடத்தில் நிறைந்து கிடந்தது. துரைக்கு இருந்தது டைலேட்டட் கார்டியோமயோபதி. இதயத் தசை மெலிந்து, அறைகள் விரிந்து, ரத்தத்தை அழுத்தித் தள்ளும் சக்தி போய்விடும் நோய். தள்ள முடியாத ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கும், அங்கே நீர் கசியும். அந்த நிலையில் நாளத்தின் வழியாக மேலும் அரை லிட்டரை ஏற்றினால் அதுவும் போய்ச் சேருவது நுரையீரலுக்குத்தான். அப்போது செய்யவேண்டியது நேர் எதிரானது: ஆக்ஸிஜன், கூடவே நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு ஊசி. மனிதர்களின் மாரடைப்பு வார்டில் தினமும் புழங்கும் பழைய, மலிவான மருந்து அது.

பாட்டில் முடியும்போது அவன் மூக்கில் நுரை வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பாவூர்சத்திரம் வரை அவனை நெஞ்சு நிமிர்ந்தபடி பிடித்துக்கொண்டு வந்தேன். ஆலங்குளம் தாண்டுவதற்குள் போய்விட்டான்.

வண்டியைத் திருப்பச் சொன்னார் அண்ணன். நான் திருப்பவிடவில்லை. ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போய் உடற்கூறாய்வு செய்யச் சொல்லுவோம் என்றேன். “ஏளா, செத்த நாயை அறுத்துப் பாத்து என்னத்தக் காணப்போற?” என்று கேட்டார். இன்றைக்கும் குடும்ப விசேஷங்களில் மைனி அதைச் சொல்லிக்காட்டுகிறாள். நான் அன்று செய்ததில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அறுத்துப் பார்த்ததால்தான் இதயம் தளர்ந்து விரிந்திருந்ததும், நுரையீரல் முழுக்க நுரையும் நீருமாக இருந்ததும் தெரிந்தது. இல்லையென்றால் துரை சாரல் சளியில் செத்தான் என்றே ஊர் பேசியிருக்கும். அடுத்த நாய்க்கும் அதே பாட்டில்தான் தொங்கியிருக்கும். இந்த இதயம் எப்படியும் நெடுநாள் தாங்கியிருக்காது என்றும் அங்கே சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்த இரவைத் தாண்டியிருப்பான்.

அண்ணனுக்கு இன்னொரு புகாரும் உண்டு: நான் கோழியும் பார்டர் புரோட்டாவும் போட்டு அவனைக் கெடுத்தேனாம். புரோட்டா போட்டது நானில்லை, தங்க வந்தவர்கள். நாய்க்கு அந்த உப்பும் எண்ணெயும் ஆகாது என்பதும் உண்மை. ஆனால் டாபர்மேனுக்கு இந்த நோய் பெரும்பாலும் வம்சவழியாக வருகிறது. 2010இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு, தன் கணக்கில் வந்த டாபர்மேன்களில் ஏறக்குறைய 58 சதவீதம் வாழ்நாளில் இந்த நோய்க்கு ஆளாவதாகச் சொல்கிறது. பாதிக்கு மேல்! குட்டி விற்றவர் இதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தாயும் தகப்பனும் எத்தனை பரிசு வாங்கின என்று படம் படமாகக் காட்டினார்.

ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ பக்கத்திலேயே கிடைக்கிறதே, அதை வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நல்ல நாய்கள்தான். ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல்தலையே வந்தது. அவற்றுக்கும் இதயம் இருக்கிறது, உண்ணி இருக்கிறது, கொசு கடிக்கிறது. எந்த நாய் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், நெஞ்சைப் பார்ப்பது எல்லா நாய்க்கும் ஒன்றே.

வீட்டில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். நாய் நன்றாகத் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுங்கள். மார்பு ஏறி இறங்குவது ஒன்று. நிமிடத்துக்கு 30க்கு மேல் போகக்கூடாது. ஓடி வந்தபின்போ வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டிருக்கும்போதோ எண்ணினால் பயனில்லை. தூக்கத்தில் எண்ணிய கணக்கு நாளுக்கு நாள் ஏறுகிறதென்றால் இருமல் வருவதற்கு முன்பே நீங்கள் பிடித்துவிடலாம். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. காசு பணம் எதுவும் கேட்காத சோதனை இது.

இன்னொன்று, இடது முழங்கைக்குப் பின்னால் ஒரு கையை வைத்தால் துடிப்பு தெரியும். மற்றக் கையின் விரல்களைப் பின்தொடையின் உள்பக்கம் வைத்தால் நாடி தெரியும். இரண்டும் சேர்ந்தே வரவேண்டும். நெஞ்சில் துடிக்கிறது, தொடையில் நாடி வரவில்லை என்றால் அந்தத் துடிப்பு ரத்தத்தைத் தள்ளவில்லை என்று பொருள். நாய் நலமாக இருக்கும்போதே பழகி வைத்துக்கொள்ளுங்கள். ஈறின் நிறத்தையும் அப்போதே பார்த்து வையுங்கள். வெளிறியோ நீலம் பாய்ந்தோ போகும்போது வித்தியாசம் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். வயிறு திடீரென்று உப்பினால் கொழுத்துவிட்டான் என்று சந்தோஷப்படாதீர்கள், அதுவும் நீராக இருக்கலாம். இருமலையும் மயக்கத்தையும் செல்போனில் எடுத்து வைத்தால் மருத்துவரிடம் வாதாட வேண்டியிருக்காது.

மூச்சுத் திணறும் நாயை வண்டியில் ஏற்றும்போது ஒருக்களித்துப் படுக்கவைக்கக் கூடாது. கண்ணாடியை இறக்கிவிடுங்கள். பக்கத்து ஊர்களில் எந்தக் கால்நடை மருத்துவமனையில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறது, எங்கே இரவில் ஆள் இருக்கிறது என்று இன்றைக்கே, நாய் விளையாடிக்கொண்டிருக்கும்போதே போன் செய்து கேட்டு எழுதி வையுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப் புழுவுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு, கூடவே செய்துவிடலாம்.

டாபர்மேன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக: நாய்க்கு மூன்று வயதானால் ஆண்டுக்கு ஒருமுறை எக்கோவும், 24 மணி நேரம் உடம்பில் கட்டி எடுக்கும் ஹோல்டர் ஈசிஜியும் எடுக்கச் சொல்கிறார்கள் இதய மருத்துவர்கள். சில நிமிட ஈசிஜியில் தப்பிவிடும் கோணல் துடிப்புகள் அதில் மாட்டும். சில நாய்கள் ஒரு அறிகுறியும் காட்டாமல் விளையாடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து சாகின்றன, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். திருநெல்வேலியில் கேளுங்கள், முடியாவிட்டால் சென்னை வேப்பேரிக்குப் போங்கள். செலவுதான். 2012இல் வெளியான ஆய்வொன்றில், நோய் மறைந்திருக்கும் கட்டத்திலேயே பிமோபெண்டான் மாத்திரை கொடுத்த டாபர்மேன்களுக்கு, இதயம் செயலிழக்கவோ திடீர் மரணம் வரவோ ஆன காலம் நடுக்கணக்கில் 718 நாட்கள். மருந்து இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தவற்றுக்கு 441. அந்த இடைவெளி எனக்கு ஒரு முழு சீசன். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்திருப்பேன்.

நாய்க்குப் போய் இம்புட்டா என்று கேட்பவர்கள் உண்டு. செங்கம் பக்கம் எடத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. சண்டையில் இறந்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது, கோவிவன் என்ற பெயரோடு, கள்ளர் இருவரைக் கடித்தது என்ற செய்தியோடு. மானாமதுரை பக்கம் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், 2021இல் இறந்த தன் லாப்ரடார் டாமுக்குத் தோட்டத்தில் பளிங்குச் சிலை வைத்துக் கோயில் கட்டினார். நான் சிலை வைக்கவில்லை. துரையின் கூடப்பிறந்த குட்டிகளைத் தேடினேன்.

விற்றவர் ஒரு எண்ணும் தர மறுத்தார், வாங்கியவர்களைப் பயமுறுத்துவேன் என்றார். கேட்டுக் கேட்டு விசாரித்ததில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அண்ணாச்சியிடம் துரையின் தம்பி இருப்பது தெரிந்தது. முதலில் அவரும், “எங்க பய குதிரை மாதிரி ஓடுதான், அவனுக்கு என்னம்மா?” என்றார். விடாமல் தொல்லை கொடுத்து ஹோல்டர் எடுக்கவைத்தேன். ஓடுகிற அந்த நாய்க்கும் துடிப்பு கோணல்தான். இப்போது காலையும் இரவும் பிமோபெண்டான் சாப்பிடுகிறான். தூக்கத்தில் எண்ணிய மூச்சை அண்ணாச்சி ஞாயிறுதோறும் எனக்கு அனுப்புகிறார், இதுவரை 20ஐத் தாண்டவில்லை. மாத்திரையைச் சோற்றில் பிசைந்து வைக்கிறார் என்றுதான் போன வாரமும் அவரைத் திட்டினேன். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்கவேண்டும் அண்ணாச்சி.